இப்பத்தான் போச்சு

சாக்கை உதறிக் கடைசி உருண்டையையும் பாதையில் விழவைத்த பிறகு, அவர் நாலடி பின்னால் போய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். யானை லத்தி. காட்டு யானை போட்ட அசல் லத்தி. அதில் எவரும் குறை சொல்ல முடியாது. என்ன, யானை அதைப் போட்டது ஓடைக்கு அந்தப் பக்கம், பார்வையாளர்கள் கால் வைக்கக் கூடாத பகுதியில். போட்ட இடத்திலிருந்து பார்க்கிற இடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது மட்டும்தான் இவர் செய்வது. தபால்காரரை யாராவது பொய்யர் என்கிறார்களா?

லத்தியின் மேல் அகன்ற இலைகளைப் போட்டு மூடி, காலிச் சாக்கைச் சுருட்டி ஒரு மரப்பொந்தில் செருகி, காக்கிச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நுழைவாயிலுக்கு வந்தால் உத்தியோகம் ஆரம்பம். அந்தக் காட்டுச் சரணாலயத்தில் அவர் வழிகாட்டி. சட்டைப் பையின்மேல் அப்படித்தான் தைத்திருக்கிறது. கூட வேலை பார்ப்பவர்கள் கூப்பிடுகிற பெயர் வேறு: 'இப்பத்தான்'.

அந்தப் பெயருக்குக் காரணம் தெரிய வேண்டுமானால் அவரோடு ஒருநாள் நடக்க வேண்டும். முதல் வளைவு வரும்வரை மரம், செடி, பறவை என்று ஏதோ சொல்லிக்கொண்டே வருவார். ஒருவர் காதிலும் ஏறாது. வளைவு வந்ததும் சட்டென்று இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தைத் தடுப்பார். "எல்லாரும் இங்கயே இருங்க. நான் முன்னாடி போய் ஆபத்து ஏதும் இருக்கான்னு பாத்துட்டு வர்றேன்." தனியாக வளைவைத் தாண்டிப் போய், இலைகளை விலக்கி, தோள்பையிலிருந்து ப்ளாஸ்க்கை எடுத்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை லத்தியின்மேல் ஊற்றுவார். குப்பென்று ஆவி கிளம்பும். அடுத்த நொடி அவர் குரல் பதறும்: "வாங்க, வாங்க, ஓடி வாங்க! அடடா, இப்பத்தான் போச்சு சார்! ஒரு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா வாலையே தொட்டிருக்கலாம்!"

அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை! முழங்கை நீளக் கேமராக்கள் வெளியே வரும். வீட்டில் கைக்குழந்தைக்குத் துணி மாற்றச் சொன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுகிற அப்பாக்கள், இங்கே லத்தியின் பக்கத்தில் மண்டி போட்டு, மனைவி மக்களையும் இழுத்து உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். "என்னா சூடு பாருங்க!" என்று ஒருவர் விரலை நீட்டித் தொட்டே விடுவார். அந்த விரலால் அவர் அன்றைக்கு பன் தின்றாரா இல்லையா என்பது நமக்கெதற்கு?

இதெல்லாம் ஏதோ ஏமாற்றுகிற சந்தோஷத்துக்காக அவர் செய்வதாக நினைத்தால் அது அநியாயம். நுழைவாயிலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை நிற்கிறது. அதில் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு ஒரு யானை, பக்கத்தில் 'வருக'. அந்தப் பலகையை வரைந்தவரும் அந்தக் காட்டில் யானையைப் பார்த்ததில்லை, வரையச் சொன்ன அதிகாரியும் பார்த்ததில்லை. ஆனால் அதை நம்பிக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். காலையிலிருந்து நடந்து, கால் வீங்கி, ஒரு அணிலும் இரண்டு மைனாவும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவர்கள் முகம் தொங்குமே, அதைத்தான் 'இப்பத்தா'னால் தாங்க முடியாது. அன்று சோறு இறங்காது. சிலருக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும். இவருக்கு ஏமாந்த முகத்தைக் கண்டால் ஆகாது. அந்த வியாதிக்கு அவரே கண்டுபிடித்துக்கொண்ட மருந்துதான் லத்தி.

யானைகள் ஏன் இந்தப் பக்கம் வருவதில்லை என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. பாதையின் பாதி வழியில் துருப்பிடித்த தண்டவாளம் கொஞ்ச தூரம் புல்லுக்குள் ஓடி மறையும். கூரை விழுந்த பங்களா ஒன்று. அதற்கு எதிரே ஒரு கல்தூண், தூணில் கனத்த இரும்பு வளையம். முன்னொரு காலத்தில் ஒரு மரக் கம்பெனி இங்கே வந்து காட்டைச் சுரண்டித் தீர்த்தபோது, இதே காட்டில் பிடித்த யானைகளை இந்த வளையத்தில் கட்டிப்போட்டு, இதே காட்டின் மரங்களை இழுக்கவைத்தார்கள். கம்பெனி போயிற்று. யானைகள் ஓடையைத் தாண்டிப் போயின. திரும்பவே இல்லை. அந்த நாளில் மரத்தை வெட்டக் கூலி கொடுத்தார்கள், இந்த நாளில் வெட்டாமல் தப்பியதைப் பார்க்கச் சீட்டு விற்கிறார்கள். பங்களாவின் முன்னால் 'வரலாற்றுச் சின்னம்' என்று ஒரு பலகையும் நட்டாயிற்று. காட்டில் மரத்தைவிடப் பலகைக்குத்தான் இப்போது செழிப்பு.

'இப்பத்தா'னின் தாத்தா அந்தக் கம்பெனியில் யானைப்பாகன். இதைப் பார்வையாளர்களிடம் அவர் சொல்வதில்லை, வீட்டில்தான் சொல்லுவார். "எங்க தாத்தா அதுங்கள அங்குசத்தால குத்திக் குத்தி வேலை வாங்குனாரு. நான் அதுங்க பின்னாடி போய் லத்தி அள்றேன். கணக்கு நேராயிடுச்சு, விடு."

அவர் வீட்டுக்காரி விடுகிற ஆளில்லை. பாதை தொடங்கும் இடத்திலேயே அந்த அம்மாளுக்கு ஒரு டீக்கடை. நாலு பெஞ்சு, ஒரு அடுப்பு, கண்ணாடிப் பெட்டிக்குள் பன்னும் பிஸ்கட்டும். காட்டுக்குள் போகிறவர்கள் ஆவலில் ஒரு டீ, வெளியே வருகிறவர்கள் அலுப்பில் ஒரு டீ. அதில்தான் வீடு ஓடுகிறது. வழிகாட்டி உத்தியோகத்தில் வருவது அவர் செருப்புக்கே சரியாகப் போய்விடும்.

"என்னங்க, வீட்டுக்குள்ள வரும்போது அந்த யானைய வாசல்லயே விட்டுட்டு வாங்க" என்பாள், அவர் காலையில் கைகால் கழுவாமல் அடுப்பருகே வந்தால். "ஊர்ல அவனவன் பொண்டாட்டிக்குப் பூ கொண்டாருவான். எனக்கு வாய்ச்சது லத்தி. அந்த ப்ளாஸ்க்கைக் கழுவாம வெச்சீங்க, அடுத்த தடவ வெந்நி உங்க தலையில."

"ஏம்மா, அவங்க சிரிச்ச முகத்தோட வெளிய வர்றதாலதானே உன் கடையில உக்காந்து டீ குடிக்கிறாங்க?"

அவள் கரண்டியைக் கொஞ்சம் ஓங்கி வைப்பாள்.

இப்படி யாருக்கும் கெடுதல் இல்லாமல் நடந்துகொண்டிருந்த ஊழியத்தில் மண் விழுந்தது யானைக் கணக்கெடுப்பால். யானையை நேராக எண்ணுவது நடக்கிற காரியமில்லை. வரிசையில் நில் என்றால் அது நிற்காது. அதனால் லத்தியை எண்ணுவார்கள். எங்கெங்கே கிடக்கிறது, எவ்வளவு பழசு என்று பார்த்துக் கணக்குப் போட்டால் யானை எத்தனை என்று வந்துவிடும். இதையெல்லாம் ரேஞ்சர் எல்லா ஊழியர்களையும் கூட்டிவைத்து விளக்கத்தான் செய்தார். 'இப்பத்தான்' காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: தூரத்திலிருந்து ஒரு பெண் ஆய்வாளர் லத்தியைப் பார்க்க வருகிறார். இவர் நெஞ்சு விம்மிப் போயிற்று. இத்தனை காலத்தில் யானையைப் பார்க்க வந்து லத்தியோடு திரும்பியவர்கள்தான் அதிகம். லத்தியைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் கிளம்பி வருவது இதுதான் முதல் தடவை. அப்படிப்பட்டவரை வெறும் பாதையில் நடக்கவைத்து அனுப்புவதா? ஆய்வாளர் வருகிற அன்று காலையில் ஒரு நடைக்கு இரண்டு நடையாகச் சுமந்தார்.

ஆய்வாளர் வந்தார். நரை ஓடிய தலையில் துணித்தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி, பேச்சு குறைவு. லத்தியைக் கண்டதும் கேமராவை எடுக்கவில்லை. உட்கார்ந்தார், குச்சியால் பிரித்தார், முகர்ந்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "லத்தி இருக்கு. கால் தடம் எங்கே?"

நம் ஆள் திருதிருவென்று விழித்தார்.

"நேத்து பெஞ்ச மழையில..."

"மழை பெஞ்சா தடம் நல்லாத் தெரியணுமே. தடம் இல்லாம நான் எதையும் எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று எரிந்து அணைந்ததை 'இப்பத்தான்' பார்த்துவிட்டார். அத்தோடு சரி, பழைய வியாதி தொடங்கிவிட்டது. திரும்பும் வழியில் அந்த அம்மாள் தானாகவே சொன்னார்: "எத்தனையோ காட்டுல எண்ணியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் போன தடவையவிடக் குறைச்சு எழுதித்தான் பழக்கம். கூட்டி எழுத ஒரு இடமாவது கிடைக்காதான்னு பாக்கறேன்."

வேறு வினையே வேண்டாம். மறுநாள் விடியற்காலையில் டீக்கடையின் பெரிய வெந்நீர்க் குண்டான் காணாமல் போயிற்று. அதன் அடியில் சாக்குத்துணியை இறுக்கிக் கட்டி, ஓடைக்கரையின் ஈரமண்ணில் அழுத்தி அழுத்தி எடுத்தார். வட்டமான தடம், நடுவே சாக்கின் நெசவு பட்டுத் தோல் வெடித்தாற்போல வரிவரியாய். சும்மா சொல்லக் கூடாது, யானையே வந்து பார்த்திருந்தால், நான் எப்போது இந்தப் பக்கம் வந்தேன் என்று யோசித்திருக்கும்.

ஆய்வாளர் நாடாவை எடுத்துத் தடத்தின் சுற்றளவை அளந்தார். யானையின் முன்காலைச் சுற்றி அளந்து இரண்டால் பெருக்கினால் அதன் உயரம் என்பது அந்தத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. டீக்கடைக் குண்டானை இரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்: "இளம் பெண் யானை. தனியா வந்திருக்கு. பாவம், தனியா ஏன் வந்ததோ?"

இந்த இடத்தில் ஒரு சாமானிய மனிதன் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். 'இப்பத்தா'னுக்கோ அந்த யானை தனியாக இருப்பது பொறுக்கவில்லை. தான் அழுத்திய குண்டானுக்குத் துணையில்லையே என்று இரக்கப்பட்ட முதல் ஆள் உலகத்திலேயே அவராகத்தான் இருப்பார். அடுத்த நாள் பால் காய்ச்சும் சின்னக் குண்டானும் காட்டுக்குப் போயிற்று. பெரிய தடத்தின் பக்கத்திலேயே, ஒட்டி ஒட்டி, குட்டித் தடங்கள்.

அதைப் பார்த்த ஆய்வாளர் தொப்பியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குட்டியோட வந்திருக்கு. பாருங்க, குட்டியோட!" என்று இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எத்தனையோ ஆயிரம் பேருக்கு வழி காட்டியிருக்கிறார் மனிதர். அப்படி ஒரு முகத்தை அவர் பார்த்ததே இல்லை. அன்று இரண்டு தட்டுச் சோறு தின்றார்.

அந்தச் சோறு செரிப்பதற்குள் ரேஞ்சர் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார். மரக் கம்பெனி விரட்டிய யானைகள் எத்தனையோ காலம் கழித்து மனிதனை மன்னித்துத் திரும்பி வந்துவிட்டன என்று அவர் தழுதழுத்தார். யானைகள் மன்னித்த விஷயம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த யானைகளுக்குத்தான் தெரியாது. எல்லோரும் கைதட்டினார்கள். 'இப்பத்தான்'தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். ரேஞ்சர் கையமர்த்திவிட்டு மேலே சொன்னார்: குட்டி போட்ட யானை நடமாடும் பாதையில் மனிதர்கள் போவது இருவருக்கும் ஆபத்து. ஆகவே நாளைக் காலை முதல் இந்தப் பாதை நிரந்தரமாக மூடப்படும். பாதை வாசலில் கடை, பெஞ்சு, அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது.

தட்டிய கை தட்டியபடியே நின்றது.

வீட்டுக்காரிக்கு விஷயம் அவர் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. இரண்டு குண்டானையும் கவிழ்த்துவைத்து அடியில் அப்பியிருந்த சேற்றை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். கத்தவில்லை. அதைப் பார்த்துத்தான் அவருக்குக் கிலி பிடித்தது.

"என் தலையில நீங்க மண்ண அள்ளிப் போடல. என் குண்டானை வெச்சே போட்டுட்டீங்க" என்றாள். "காலையில போய் உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க. உங்க வேலை போனா போகட்டும், என் அடுப்பு அணையக் கூடாது."

"சொல்லலாம். ஆனா அந்த அம்மா மொகத்தப் பாத்து..."

"என் மொகம் ஒண்ணு இருக்கே, அத எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

மறுநாள் காலையில் பாதையின் வாசலில் கம்பம் நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ரேஞ்சர் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் கிளம்பத் தயாராக ஜீப்பின் பக்கத்தில் நின்றார். முகம் பத்து வயது குறைந்திருந்தது. 'இப்பத்தான்' தொண்டையைச் செருமினார். தலையைச் சொறிந்தார். கடைப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்: சாக்கு, ப்ளாஸ்க், வெந்நீர், குண்டான், சின்னக் குண்டான்.

ரேஞ்சர் சிரித்தார். "யோவ், வேலை போயிடும்னு இப்படி ஒரு கதையா? கொஞ்சமாவது நம்புற மாதிரி சொல்லுய்யா."

மனிதர் ஆடிப்போய்விட்டார். ஆயுளில் ஒரே ஒருமுறை உண்மையைச் சொன்னால் அதை நம்ப ஆளில்லை! லத்தியை நம்பினார்கள், ஆவியை நம்பினார்கள், தாயையும் குட்டியையும் நம்பினார்கள். இதை மட்டும் நம்பமாட்டார்களாம். "சத்தியமா சார்" என்றார். அதுவும் எடுபடவில்லை. "போய்யா, போய் அந்தக் கயித்தப் பிடி" என்றார் ரேஞ்சர்.

கடைக்குள்ளிருந்து வீட்டுக்காரி வந்தாள். ஒரு கையில் பெரிய குண்டான், மறு கையில் சின்னது, இரண்டின் அடியிலும் சாக்கு கட்டியிருந்தது. ஜீப்பின் முன்னால் ஈரமாகக் கிடந்த மண்ணில் ஒன்றை ஊன்றி எடுத்தாள். பக்கத்திலேயே அடுத்ததை ஊன்றி எடுத்தாள்.

"இந்தாங்கம்மா, உங்க யானை. இந்தா, குட்டி" என்றாள். "என் பொழப்பு இதுலதான் வேகுது. கயித்த அவுக்கச் சொல்லுங்க."

கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது. ஆய்வாளர் குனிந்து பார்த்தார். நாடாவை எடுத்துச் சுற்றிப் பிடித்து அளந்தார். பெரியதை அளந்தார், சின்னதை அளந்தார். பெரியதை இன்னொரு தரமும் அளந்தார். பிறகு நாடாவை விட்டார். அது சரசரவென்று தானே சுருண்டு பெட்டிக்குள் போயிற்று.

ரேஞ்சரின் முகம் சிவந்து கறுத்தது. "கயித்த அவுங்கடா" என்று ஆட்களைப் பார்த்துக் கத்தினார். இவர் பக்கம் திரும்பி, "சட்டையக் கழட்டி ஆபீஸ்ல குடுத்துட்டு வீட்டுக்குப் போ. இனிமே உன்னை இந்தக் காட்டுக்குள்ள பாத்தேன்..." என்று மீதியை விரலாலேயே சொன்னார். வீட்டுக்காரி குண்டான்களை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினாள். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. 'இப்பத்தான்' சட்டையின் முதல் பித்தானைக் கழற்றினார். அதில் அவருக்கு வருத்தம் இருந்தது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது ரேஞ்சரை இல்லை.

ஆய்வாளர் அம்மாள் திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். "பரவால்ல" என்று மட்டும் சொன்னார், யாரிடம் என்று தெரியவில்லை. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நேற்று குறைந்த பத்து வயதும் திரும்பி வந்து கூடவே இன்னும் பத்தையும் கூட்டிக்கொண்டு வந்தாற்போல முகம் தொங்கிப் போயிற்று. ஜீப்பின் கதவில் கையை வைத்தவர் அதைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே நின்றார்.

'இப்பத்தான்' பொறுத்துப் பார்த்தார். இரண்டாவது பித்தானைத் தடவினார். கையைக் கட்டிக்கொண்டார், அவிழ்த்தார். வேண்டாம் என்று அவருக்கே தெரிந்தது.

"மேடம்..." என்றார், மூச்சுக்காற்றைப் போலத் தணிந்த குரலில்.

ஆய்வாளர் திரும்பினார். பாதித் திறந்த சட்டையோடு முதுகை வளைத்துக் குனிந்து நின்ற அந்த ஆள், ஒரு விரலை உதட்டின்மேல் வைத்துக்கொண்டு, மறு கையை மெல்ல நீட்டி, ஓடைக்கரை மூங்கில் புதரின் இருட்டுப் பக்கத்தைக் காட்டினார்.